சுவர் பக்கம் திரும்பிய டிரம்பெட்

பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு அந்த வருடம் நானே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மெட்டமைத்தேன். ஆர்கன், டிரம்பெட், டிரம்ஸ் எல்லாம் முழங்க, கடைசி அடியை ஜெஸி அக்கா உச்சக் குரலில் தனியாகப் பாட வேண்டும். வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்க் கேரல் பாடுகிறவர்களின் தொண்டை என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதிகாலை ஆராதனைக்கு வந்த அக்காவுக்குக் குரலே எழும்பவில்லை.

"அந்தக் கடைசி அடிய நீங்களே வாசிச்சிருங்க அண்ணாச்சி" என்று கிசுகிசுத்தார்.

டிரம்பெட் வாசிக்கும் பாத்திரக்கடை அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. "நீ பைய பாடு தாயி. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

கடைசி அடி வந்தது. சத்தம் குறையட்டும் என்று அண்ணாச்சி சுவர் பக்கம் திரும்பி நின்று மெல்ல ஊதினார். டிரம்ஸ் வாசித்தவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். ஆர்கன் தணிந்தது. அக்காவின் கரகரத்த குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் என்றால் பிள்ளை பிறந்த வீடு; அங்கே எல்லோரும் பையத்தான் பேசுவார்கள். பாட்டு எழுதிய எனக்கு அது தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியது.

இப்போது அக்காவின் குரல் கணீரென்று இருக்கிறது. ஆனாலும் அந்த அடி வந்தால் அண்ணாச்சி சுவர் பக்கம்தான் திரும்புகிறார்.