மாமா கடித்துப் பார்த்த தட்டு

பாரிமுனை நடைபாதைக் கடைக்காரர் ஒருவர் என் மாமாவை அடிக்கக் கை ஓங்கியதை நான் நேரில் பார்த்தேன். கடைக்காரர் மீது தப்பே இல்லை. மாமா அவர் கடையில் நாய்க்கு வீசும் பறக்கும் தட்டு ஒன்றை எடுத்தார். அப்படியும் இப்படியும் வளைத்தார், ஓரத்தை நகத்தால் கீறினார், பிறகு வாயில் வைத்து நறுக்கென்று கடித்தார்.

"யோவ், இன்னா முறுக்கா அது?" என்று கடைக்காரர் எழுந்தே விட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்த வேலை போன பிறகு ராயபுரத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்களோடு பன்னு இருந்தது. பன்னு என்பது நாய். மாதா கோவில் சுவரோரம் குட்டியாகக் கிடந்ததை நான்தான் பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்தேன். டீக்கடைப் பன்னைத் தவிர வேறு எதையும் அது ஏறெடுத்துப் பார்க்காது என்பதால் அந்தப் பெயர். வெளிநாட்டு நாய்கள் அந்தரத்தில் எம்பித் தட்டைக் கவ்வுவதை மாமா போனில் பார்த்த நாள் முதல் எங்கள் பன்னுவுக்கு நிம்மதி போயிற்று.

எது கிடைத்தாலும் வீசிவிடுகிற ஆள் இல்லை மாமா. மனிதர்கள் விளையாடும் தட்டு கனம், பாய்ந்து வருகிற நாயின் பல்லில் சுத்தியலாக இறங்கும் என்றார். மலிவான பிளாஸ்டிக் உடைந்தால் சில்லு நாக்கைக் கிழித்துவிடும். ரப்பர் தட்டு தோசையாகத் தொங்கியது. துணித் தட்டு வாய்க்கு நல்லதுதான், ஆனால் கடற்காற்றில் திரும்பி வந்து எங்கள் மூஞ்சியிலேயே விழுந்தது. எடை பார்ப்பதற்காக ஒரு தட்டை மீன்காரம்மாவின் தராசில் வைத்தார். "தட்டு கீது, மீனு எங்க நைனா?" என்றாள் அவள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடி. ஒரே ஒரு முறை தவிர, கடிக்காமல் எந்தத் தட்டையும் மாமா வீசியதில்லை.

"நம்ம பல்லு கூசிச்சினா அதுக்கும் கூசும் பாப்பா. அது இன்னா, வாயத் தொறந்து சொல்லுமா?" என்பார்.

கடைசியில் அந்தப் பாரிமுனைக் கடையில்தான் சரியானது அமைந்தது. நீல நிறம், பல் இறங்கினால் அமுங்குகிற மெத்தென்ற விளிம்பு, காற்றை வெட்டிக்கொண்டு போகிற கனம். அதே போல இரண்டு வாங்கினார். இரண்டாவதைக் கடிக்கக் கடைக்காரர் விடவில்லை. அதே மாதிரிதானே என்று வீட்டுக்கு வந்து கடிக்காமலே வீசிய பிறகுதான் அது கல் என்று தெரிந்தது. பன்னு ஒரே ஒரு முறை கவ்விவிட்டு வீலென்று கத்தித் துப்பியது. ஈறில் ரத்தம். மாமா மஞ்சள் தண்ணீரால் துடைத்துவிட்டார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கெட்டித் தட்டு பரணுக்குப் போனது.

மாமாவுக்கு நாய் மேல் இவ்வளவு அக்கறை எதற்கு என்பதுதான் எனக்குச் சந்தேகம். காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் நான் வளர்த்த சேவல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காணாமல் போனது. "ஊருக்குப் போய்கீது பாப்பா" என்றார் மாமா. எங்களுக்கு ஊரே கிடையாது, ராயபுரம்தான் ஊர் என்பது மறுநாள் குழம்பில் கால் கிடைத்தபோதுதான் என் மண்டைக்கு உறைத்தது. அதிலிருந்து அவர் எதன் மீது பாசம் காட்டினாலும் நான் உஷாராகிவிடுவேன்.

முதலில் ஷாம்பூ போட்டுப் பன்னுவைக் குளிப்பாட்டினார். அடுத்து நூல் வைத்து வாயை அளந்தார். அதற்கடுத்து வெள்ளை ஷூ போட்ட ஒருவர் வந்தார். பன்னுவின் உதட்டைத் தூக்கிப் பல்லையும் ஈறையும் வெகுநேரம் பார்த்துவிட்டு மாமாவுக்குக் கை கொடுத்தார். காசிமேட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? வாங்கத்தானே.

ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த, தட்டு கவ்வும் நாய்களுக்கான போட்டியில் பன்னுவின் பெயரை மாமா கொடுத்திருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால், காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாமா போனில் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சா எட்த்துக்கிறேன்னு சொல்டாரு மாமு. கோவளம் பக்கம். அக்காவாண்ட இன்னும் சொல்லல. பாப்பாக்குத் தெரிஞ்சா அழுவும்டா."

அவ்வளவுதான். ஜெயித்தால் வெள்ளை ஷூக்காரர் பன்னுவை எடுத்துக்கொள்வார். கோவளத்துக்கு. ஊருக்குப் போன சேவல் மாதிரி. நான் துணிகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னு போகக்கூடாது என்றால் ஜெயிக்கக்கூடாது. வழி பரணில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் பையிலிருந்த மெத்தென்ற தட்டை எடுத்து என் ஸ்கூல் பையில் போட்டேன், கெட்டித் தட்டை அங்கே வைத்தேன். ஈறு கிழியும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் ரத்தம் வந்தாலும் பரவாயில்லை, நம்மோடு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

போட்டி எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மைதானம் ஒன்றில் நடந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்க, உள்ளே தொப்பிக்காரர்களும் முடி சீவிய நாய்களும். பன்னு மட்டும் கயிற்றில் வந்திருந்தது. அவரவர் தட்டை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது விதி. எங்கள் முறை வந்தது. மாமா கோட்டில் போய் நின்றார், விசில் ஊதினார்கள், மாமா தட்டைக் கடித்தார்.

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். என் கை ஸ்கூல் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது, அதையும் பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பன்னு எம்பி எம்பிக் குரைத்தது. ஓடி வந்து என்னிடமிருந்து தட்டைப் பிடுங்கிப் போயிருக்கலாம். வரவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து பன்னுவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், இரண்டாவது விசில் ஊதுகிற வரைக்கும்.

"கை சுளுக்கிகிச்சு சார்," என்று வெள்ளை ஷூக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

திரும்பும்போது அவர் என்னைத் திட்டவில்லை. திருவொற்றியூரில் நிறுத்தி ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார், வழி முழுவதும் கையை விடவில்லை. தோற்ற மனிதர் எதற்கு ரோஸ் மில்க் வாங்கித் தருகிறார் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் பன்னுவைக் கட்டிக்கொண்டு ஆசை தீர அழுதேன். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பன்னு இன்னும் ஆறு வருடம் எங்களோடு இருந்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தது. மாமா அதே எண்ணூர் நெடுஞ்சாலையில் இன்றைக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வரிசையில் நின்று நின்று முதுகு போய்விட்டது.

போன மாதம் எனக்கு நிச்சயம். பந்தியில் மாமா மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையை எடுத்தார். கோவளம் பக்கம் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். தங்கி வேலை. பன்னுவை வளர்த்த விதத்தை வந்து பார்த்துவிட்டு, போட்டியில் ஜெயித்துக் காட்டினால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அதன் முதலாளியான வெள்ளை ஷூக்காரர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார்.

"இவ எப்டியோ மோப்பம் புட்ச்சிட்டா மாப்ள. மாமா போவக்கூடாதுன்னு தட்டையே மாத்திட்டா. அத்தினி பாசம். அப்பறம் எப்டி வுட்டுட்டுப் போவ மனசு வரும், சொல்லுங்க?" என்று என் தலையில் கை வைத்தார்.

மொட்டை மாடியில் அன்று கேட்டது "எடுத்துக்கிறேன்" என்ற ஒற்றைச் சொல்தான். யாரை என்று நான் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, மாமாவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னேன்.