ஆறாம் எண் ‘ஹாவ்’

தியான்ஜின் நகரின் அந்த வடிகால் அலுவலகத்தில் தலைவர் நீங்கலாகப் பதின்மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பதின்மூன்று பேருக்கும் ஓபரா எனும் பாட்டு நாடகம் என்றால் உயிர். பிரிவுத் தலைவர் மெங் சாங்லின் சனிக்கிழமைகளில் ஒட்டுத் தாடி கட்டிக்கொண்டு மேடையேறுபவர் என்பது வெறும் தற்செயல். முன்பிருந்த தலைவருக்கு மீன்பிடிப் பைத்தியம். அப்போது இதே ஆட்கள் தூண்டிலோடு ஹாய்ஹெ ஆற்றங்கரையில் குந்தியிருந்தார்கள். அன்றைக்கு மீன் என்றால் உயிர். அந்தத் தூண்டில்கள் கோப்பு அலமாரிக்குப் பின்னால் இன்னமும் நிற்கின்றன. அடுத்து வரும் தலைவர் எப்படிப்பட்டவரோ, யார் கண்டது?

பதின்மூன்றாவது ஆள் கெங் யூமேய். வயது இருபத்து நான்கு. ஹெபெய் மலையடிவாரத்தில் கஷ்கொட்டைத் தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சாலையில் இருக்கும் சாக்கடை மூடிகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஊரில் அவள் அப்பா இதை ‘அரசாங்க அதிகாரி’ என்று சொல்லி வைத்திருந்தார். வேலை நிரந்தரமாகும் நாளில் ஊருக்கே விருந்து என்று அறிவித்து, பன்றியையும் பார்த்து வைத்துவிட்டார். ஞாயிறுதோறும் கைப்பேசியில் அழைத்து, “காகிதம் வந்துருச்சா?” என்று கேட்பார். வரவில்லை என்பாள். பன்றி வளர்ந்துகொண்டே போனது.

ஓராண்டுத் தகுதிக்காலம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. காகிதத்தில் மெங் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் உப்பளத்தை ஒட்டிய நீரேற்று நிலையம். அங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். தலைவரின் நாடகத்தன்று சித்தப்பா மகளின் கல்யாணத்துக்குப் போனவன்.

ஒரு புதன்கிழமை மதியம் ஜியாங் அக்கா யூமேயைக் கூப்பிட்டாள். அலுவலகத்தில் பதினெட்டு வருடம் ஓட்டியவள். மூன்று தலைவர்களைப் பார்த்தவள்.

“ஓபரா பாத்திருக்கியாடி?”

“டிவில சேனல் மாத்தும்போது பாத்திருக்கேன் அக்கா.”

“அத வெளிய சொல்லித் தொலைக்காத. இந்தா, உன் பொறுப்பு.”

அது ஓர் அட்டவணை. சாக்கடை மூடிச் சோதனைக்குப் போடும் அதே படிவம்: எண், இடம், பொறுப்பாளர், குறிப்பு. பாடகர் அசத்தும் இடத்தில் அரங்கிலிருந்து ‘ஹாவ்!’ என்று ஒரு குரல் கிளம்ப வேண்டும். நம் ஊரில் ‘பலே!’ என்கிறோமே, அதுதான். மெங்கின் காட்சியில் அப்படி ஏழு இடங்கள். தலைவர் திரையை விலக்கி வரும்போது முதல் ஹாவ், ஜியாங் அக்கா. சட்டையின் நீண்ட கையை உதறும்போது இரண்டாவது, வாகனப் பிரிவு. இப்படியே போய் ஆறாம் எண்ணுக்கு எதிரே யூமேயின் பெயர் இருந்தது. குறிப்புக் கட்டம் எல்லாருக்கும் காலி.

“ஆறாவது என்ன எடம் அக்கா?”

“கெழட்டுத் தளபதி ஆத்தங்கரையில படகுக்காக நிக்கிறாரு. வராத படகக் கூப்புடுறாரு. ‘படகே’ங்கிற ஒரே வார்த்தைய அவர் இழுப்பாரு பாரு, நீ அதுக்குள்ள பல் வெளக்கிட்டு வந்துடலாம். அது உச்சிக்குப் போயி நிக்கும்போது கத்தணும்.”

“உச்சின்னு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சிருந்தா நானே எடுத்துக்க மாட்டேனா? புதுசா வந்தவங்களுக்குத்தான் ஆறாம் நம்பர். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. எடம் மாறிக் கத்தின, அது பாராட்டு இல்ல, வசை. குரல் ஒடஞ்ச எடத்துல ஒருத்தன் ஹாவ் சொன்னா, மூஞ்சில துப்பின மாதிரி. வேற ஊர்ல சிரிச்சுட்டு விட்டுருவாங்க. இது தியான்ஜின்.”

அவள் மிகைப்படுத்தவில்லை. அந்த அரங்கின் முன்வரிசையில் உட்காருபவர்கள் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளிகளும் பேருந்து ஓட்டுநர்களும். தேநீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்து ஒரு அட்சரம் விழுங்கிய நடிகன் அன்றோடு தீர்ந்தான். தலைநகரில் பேர் வாங்கியவர்கள்கூட இந்த மேடைக்கு வரும்போது தொண்டையைத் தடவிக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் மெங் போன்ற பொழுதுபோக்குப் பாடகர்களை அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. மெங் பாடும்போது கழிவறைக்குப் போய் வருவார்கள்.

யூமேய் கலங்கவில்லை. பாடத்திட்டம் இருக்கிறது, தேர்வு நாள் இருக்கிறது. இந்த மாதிரி விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இணையத்தில் அதே காட்சியை ஒரு பெரிய பாடகர் பாடிய பதிவைத் தேடிப் பிடித்தாள். பத்து முறை ஓட்டினாள். பாட்டு மண்டையில் ஏறவில்லை. பூனையின் வாலைக் கதவிடுக்கில் வைத்தது போல இருந்தது. ஆனால் பதிவில் கூட்டம் கத்தும் இடம் தெளிவாகக் கேட்டது. முதல் வெண்கலத் தட்டு ஒலித்ததிலிருந்து பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. அட்டவணையைக் கைப்பேசியில் ஏற்றி, தன் பெயருக்குப் பக்கத்தில் 11:40 என்று குறித்துக்கொண்டாள். தேர்வுக்குத் தயார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. அரங்கு முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம். தட்டு ஒலித்தது, யூமேய் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டாள். திரை விலகியது, ஜியாங் அக்காவின் ஹாவ் கணீரென்று எழுந்தது. சட்டை உதறல், வாகனப் பிரிவு, பிசகில்லை. மேடையில் தலைவர் நடந்தார், நின்றார், தாடியை நீவினார். யூமேய் ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் கண் மடியில் ஓடும் எண்களிலேயே இருந்தது.

எட்டாவது நிமிடத்தில் தலைவருக்கு ஒரு வரி மறந்துபோனது. பிடில்காரர் கெட்டிக்காரர்; இடையிசையை இன்னொரு சுற்று வாசித்து வரியை நினைவுக்குக் கொண்டுவர அவகாசம் கொடுத்தார். அந்த ஒரு சுற்றில் அரை நிமிடத்துக்கும் மேல் போனது. யூமேய்க்கு இது தெரியாது. அவளுடைய கடிகாரத்துக்கும் தெரியாது.

பதினொன்று முப்பத்தெட்டு. தலைவர் உச்சிக்குப் போகும் வழியில் பாதியில் இருந்தார். முப்பத்தொன்பது. மூச்சு தீர்ந்தது. நாற்பதில் அவர் குரல் பிளந்து, சேவல் விழுங்கிய விசில் போல ஒரு சத்தம் வந்தது.

“ஹாவ்!”

கஷ்கொட்டைச் சரிவில் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. ஓட்டுக் கூரை வரை போய்த் திரும்பியது.

ஒரு கணம் அரங்கில் விதை கொறிக்கும் சத்தமும் நின்றது. முன்வரிசையில் மூடியிருந்த கண்கள் திறந்தன. மெங் மேடையேறிய பதினோரு வருடமாக நாகரிகம் கருதி வாயைக் கட்டியிருந்தவர்களுக்கு யாரோ கட்டை அவிழ்த்துவிட்டது போலாயிற்று. “ஹா...ஆ...வ்!” என்று ஒரு கிழவர் ராகமாக இழுத்தார். இன்னொருவர் அதற்கு மேல் இழுத்தார். கூட்டம் சிரித்தது. வாகனப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், விஷயம் புரியாமல், இதுதான் ஏழாவது போலிருக்கிறது என்று சேர்ந்து கத்தினார்.

மெங் பாட்டை முடித்துவிட்டுத்தான் போனார். நெற்றி வியர்வையில் ஒட்டுத் தாடியின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

வாசலில் முன்வரிசைக் கிழவர் ஒருவர் யூமேயை நிறுத்தினார். “உனக்குக் காது இருக்கு பொண்ணே. ஆனாலும் இவ்வளவு கொடுமை ஆகாது. எங்களுக்கே மனசு வரலையே!” அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. அலுவலக ஆட்கள் அவளோடு ஒரே பேருந்தில் ஏறவில்லை. ஜியாங் அக்கா மட்டும் கிட்ட வந்து, “உப்பளத்துல குளிர் ஜாஸ்தி. நல்ல கம்பளியா வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை தலைவர் கூப்பிட்டார். மேசையில் அவள் நிரந்தரக் காகிதம். கையெழுத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது.

“உக்காரு, சின்ன கெங். உங்க வீட்ல யாரு பாடுவாங்க? அப்பாவா?”

“இல்லைங்க ஐயா. அப்பா கஷ்கொட்டை பறிப்பாரு.”

“அப்ப இந்தக் காது எங்கேருந்து வந்துது?” அவர் முன்னால் சாய்ந்தார். “பதினோரு வருஷமா மேடை ஏறுறேன். நம்ம ஆளுங்க என் குரல் ஒடஞ்சாலும் ஹாவ், ஒடையலைன்னாலும் ஹாவ். நான் பாடுறது பாட்டா இருமலான்னே எனக்குத் தெரியாமப் போச்சு. சரியா ஒடஞ்ச எடத்துல, மயிரிழை தப்பாம, கத்தின ஒரே ஆளு நீதான். சனிக்கிழம ராத்திரி உன்னைத் திட்டினேன். ஞாயித்துக்கிழம யோசிச்சேன். சொல்லு. மூச்சு எந்த எடத்துல போச்சு? யாருக்கும் தெரியாம எங்க மூச்சத் திருடியிருக்கணும் நான்?”

யூமேய் பேனாவைப் பார்த்தாள். ஏதாவது ஒரு வரியைச் சொன்னால் போதும். ‘ஆத்தங்கரைக்கு முன்னாடி ஐயா’ என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டால் கையெழுத்து விழுந்துவிடும், ஊரில் பன்றியும் விழுந்துவிடும். படித்த காலமெல்லாம் தெரியாத கேள்விக்கு அப்படித்தான் பக்கம் நிரப்பியிருக்கிறாள். பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும். ஆனால் விடைத்தாள் திருத்திய எவரும் அவளிடம் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் கேட்டதில்லை.

“ஐயா, எனக்கு ஓபரா தெரியாது. நீங்க ஒடஞ்சத நான் கவனிக்கவே இல்ல. பதினோரு நிமிஷம் நாப்பது வினாடில கத்தணும்னு எழுதி வச்சிருந்தேன். கத்தினேன்.”

மெங் சிரித்தார். “அடக்கம்! காது உள்ளவங்க இப்படித்தான் பேசுவாங்க.”

“அடக்கம் இல்லைங்க ஐயா. நெசமாவே தெரியாது.”

“பாத்தியா, இன்னும் அடக்கம்.”

வேறு வழியில்லாமல் கைப்பேசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். 11:40 தெரிந்தது. அது அட்டவணையில் இருந்ததால் மற்றவையும் தெரிந்தன. நீட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எண் ஒன்று, திரை விலகல், ஜியாங். எண் இரண்டு, சட்டை உதறல், வாகனப் பிரிவு. மெங் விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி ஏழு வரை படித்தார். அவருக்குப் பழக்கமான படிவம்தான், அவரே வடிவமைத்தது.

கைப்பேசியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அலுவலகக் குரலில் சொன்னார்: “நல்லாத்தான் போட்டிருக்காங்க. குறிப்புல மட்டும் யாருமே ஒண்ணும் எழுதல.”

“ஐயா, மத்தவங்க மேல...”

“நீ போ.”

மூன்று நாள் அவர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. யூமேய் உண்மையிலேயே கம்பளி விலை விசாரித்தாள். உண்மை பேசியதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. பன்னிரண்டு பேரைக் காட்டிக்கொடுத்தவள் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. பொய் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தாள். அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த முகம் குறுக்கே வந்தது.

வியாழக்கிழமை காகிதம் வந்தது. கையெழுத்தோடு.

“பின்ன?” என்றாள் ஜியாங் அக்கா. “உன்ன உப்பளத்துக்கு அனுப்பினா ஏன்னு மேலிடம் கேக்கும். என்னன்னு எழுதுவாரு? ‘இந்தப் பொண்ணு என்னைப் பாராட்டிச்சு, அதனால தண்டிச்சேன்’னா?”

அன்று மாலை அப்பா கைப்பேசியில் அழுதார். பன்றியின் கதை முடிந்தது.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் தலைவர் கைப்பட எழுதிய தாள்: ‘சனிக்கிழமை நாடகத்துக்கு விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும். எந்த ஏற்பாடும் வேண்டாம்.’ அதைச் சுற்றி நின்று ஒரு மணிநேரம் விவாதம் நடந்தது.

“விருப்பம் உள்ளவங்கன்னு போட்டிருக்காரு. அப்ப விருப்பம் இல்லாதவன் எவன்னு கண்டுபுடிக்கப் போறாரு” என்றார் வாகனப் பிரிவுக்காரர்.

“ஏற்பாடு வேணாங்கிறாரே?”

“அதான் ஏற்பாடே.”

சனிக்கிழமை பன்னிரண்டு பேரும் கால்மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தார்கள். செய்தி கசிந்து தெருவிளக்குப் பிரிவிலிருந்தும் இருவர் வந்திருந்தார்கள். வராவிட்டாலும் இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாத ஒரே ஆள் யூமேய்தான்; செய்தால் மேலிடம் ஏன் என்று கேட்கும். அவளும் வந்தாள். போன வாரம் ஒரு மனிதர் கால்மணி நேரம் பாடியிருக்கிறார், அவள் எதிரிலேயே உட்கார்ந்து எண்களைப் பார்த்திருக்கிறாள். அவர் என்னதான் பாடினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

திரை விலகியது. யாரும் கத்தவில்லை. சட்டை உதறினார், யாரும் கத்தவில்லை. பதினான்கு வாய்கள் பாதி திறந்தபடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இப்படியொரு அமைதியில் மெங் பாடியதே இல்லை. முதலில் கால் தடுமாறியது. பிறகு அவர் தன் குரலைத் தானே கேட்க ஆரம்பித்தது போல இருந்தது.

தளபதி ஆற்றங்கரைக்கு வந்தான். படகைக் கூப்பிட்டான். குரல் போன வாரத்தைவிட மெலிந்திருந்தது. மெங் அதை உந்தவில்லை. ததும்பும் கிண்ணத்தோடு வாசற்படி தாண்டுபவர் போல நடுவில் எங்கோ யாருக்கும் தெரியாமல் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மேலே போனார். போய் நின்றார். முன்வரிசையில் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிழவரின் கை பாதியில் நின்றது. யூமேயின் புறங்கையில் ஏனோ மயிர் சிலிர்த்தது. அவள் குழம்பிப்போய்க் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஜியாங் அக்கா முழங்கையால் இடித்தாள். “ஆறாம் நம்பர்டி! கத்தேன்!”

“அட்டவண இல்லையே அக்கா. உங்களுக்குப் புடிச்சிருந்தா நீங்க கத்துங்க.”

ஜியாங் அக்கா மேடையைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த வாகனப் பிரிவைப் பார்த்தாள்.

“எனக்குப் புடிச்சிருக்கான்னு,” என்றாள் பதற்றத்தோடு, “எனக்கு எப்படிடி தெரியும்?”