விரும்பினதைச் சாப்பிடலாமாம்

பெரியம்மாவுக்கு ஓரிடத்தில் கதிரை கிடைத்துவிட்டால் பிறகு அவரை எழுப்புவது பெரும்பாடு. கால் இரண்டும் எப்போதும் வீங்கியிருக்கும். அப்படிப்பட்டவர் ஏன் லிங்கநகரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. சம்பளமும் கிடையாது. "சும்மா கிடக்க ஏலாத மனிசி" என்று சொல்லிவிட்டு அம்மா தன் வேலையைப் பார்ப்பார்.

மூதூரிலிருந்து காலை லோஞ்சில் கடல் கடந்து வரும் நோயாளிகளில் பலருக்குச் சிங்களம் தெரியாது. டொக்டர்மாரில் பலருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று கதைப்பதுதான் பெரியம்மாவின் வேலை.

ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை நான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்த சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியும் சண்டை பிடித்தும் அந்த மொழி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெரியம்மா எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை, தைரியமும் ஊட்டவில்லை. மர வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குக் கால் ஏலாது, நீ போய்க் கதை" என்பார். வேறு ஆளில்லாததால் நான் கதைத்தேன். விடுமுறை பாதி கழிவதற்குள், எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் பெரியவர்களை அதட்டிக் கூட்டிப்போகும் அளவுக்கு எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

அப்போது ஆஸ்பத்திரி வாட்டில் மூதூர்க் கிழவர் ஒருவர் இருந்தார். கடலுக்குப் போனவர். உப்பில்லாத கஞ்சி குடித்து நாக்குச் செத்துவிட்டது, ஒரு துண்டுக் கருவாடு கிடைக்காதா என்று புலம்புவார். என்னைக் கண்டால் ஒரே கேள்விதான். "எப்ப புள்ள என்ன ஊட்டுக்கு உடுவாங்க?" நானும் தினமும் டொக்டரிடம் கேட்பேன். இன்னும் பார்க்கவேண்டும் என்பார் அவர். கிழவரை வீட்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு என்றே நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் காலையில் டொக்டர் கட்டிலருகே வந்து பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். இனி இங்கே வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம், விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். பெரியம்மா கிழவர் பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டு, "நீ சொல்லு பிள்ளை" என்றார்.

இவ்வளவு நல்ல செய்தியை எனக்கு விட்டுத்தருகிறாரே என்று பெருமை தாங்கவில்லை. "வீட்ட போகலாமாம்! விரும்பினதைச் சாப்பிடலாமாம்! கருவாடும் சாப்பிடலாம்!" வாட் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

கிழவரின் மனைவி "அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். கிழவர் உடனே சிரிக்கவில்லை. டொக்டரைப் பார்த்தார், கதிரையில் இருந்த பெரியம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "நல்ல சேதி சொன்னாய் மகள்" என்றார்.

வழக்கமாக ஆஸ்பத்திரி வாசலோடு விடைகொடுக்கும் பெரியம்மா அன்று இறங்குதுறைவரை கூடப்போனார். கிழவரை லோஞ்சில் ஏற்றியதும் மனைவியைத் தனியே அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதைத்தார். அந்த மனிசி கயிறு கட்டும் கட்டையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கடலென்றால் பயமாக்கும் என்று நினைத்தேன். மூதூரில் பிறந்து வளர்ந்தவருக்குக் கடலில் என்ன பயம் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

லோஞ்ச் கண்ணுக்கு எட்டாமல் போகும்வரை பெரியம்மா வெயிலில் நின்றார். எனக்குப் பசி.

"அவருக்குத்தான் சுகமாப் போச்சே பெரியம்மா, வாங்கோ போவம்."

"வாறன் பிள்ளை."

"நான் நல்லாச் சொன்னனான்தானே?"

"ஓம். என்னால அப்பிடிச் சொல்ல ஏலாது."

அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அந்தத் தைரியத்தில்தான் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். இன்றுவரை நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடிவதும் அதனால்தான். அவர் என்னைக் கெட்டிக்காரி என்று நம்பினார் என்றே பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். களைத்துப்போயிருந்தார் என்பது தெரியவில்லை.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. மூதூர் ஆட்கள் பஸ்ஸில் வருகிறார்கள். பெரியம்மா இல்லை. லீவு நாட்களில் ஆஸ்பத்திரிக்கு நான் போகிறேன். பின்னேரமானால் என் கால்களும் வீங்குகின்றன. போன மாதம் ஒரு டொக்டர், விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள் என்ற அதே வசனத்தை என்னிடம் சொன்னார். நோயாளியின் மகன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அலுத்துப்போய்விட்டது. இதைச் சந்தோஷமாகச் சொல்ல ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, "இரு தம்பி" என்றேன்.