தனசீலனுக்கு ஒரு கதை

தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் நஜிமுதீனுக்குப் பை தைப்பது வயிற்றுப்பாட்டுக்கு, பேசுவதுதான் உயிர். கல்யாணம், கடைத் திறப்பு, இரங்கல் கூட்டம் எதுவானாலும் மைக்கைப் பிடிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா புகழ மாட்டான். ஆளைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்வான், அதுவும் நடந்த கதை. அதைத் தேடி டீக்கடை, சலூன், லோக்கல் ரயில் என்று மோப்பம் பிடித்து அலைவான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் யாரும் வீட்டுச் சண்டையைப் பேசுவதில்லை. நாளைக்கு மேடைக்கு வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவனையே மண்டை காய வைத்தவன் தனசீலன். நாங்கள் மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அணுசக்தி நகரில் டெக்னீசியனாக இருந்தவன் போன மாதம் ரிட்டயர் ஆனான். ஞாயிற்றுக்கிழமை சயனில் ஹால் பிடித்து விருந்து. நஜிமுதீனிடம் அவன் கேட்டது ஒன்றுதான்.

“லேய், எனக்கும் ஒரு கதை சொல்லணும். நல்ல மனுசன்னு மட்டும் சொல்லிறாத. ஆயுசு பூரா அதையேதான் கேட்டுட்டிருக்கேன். ஒண்ணுமே நடக்காத பயலுன்னுதான் அதுக்கு அர்த்தம்.”

எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கதைதான் அகப்படவில்லை. அவன் மனைவி செல்வமேரியைக் கேட்டால், “அவுகளுக்குச் சண்டை போடக்கூடத் தெரியாது அண்ணாச்சி. நானே தனியாப் போட்டுக்கிடுவேன்” என்றாள். கதை இல்லையென்றால் உண்டாக்கிவிடுவோம் என்று நஜிமுதீன் அவனைக் குர்லாவில், சாயங்கால நெரிசலில், ரயில் ஏற்றினான். ஒரு தடியன் தனசீலன் காலை நசுக்கி மிதித்தான். நஜிமுதீன் ஆவலாக நிமிர்ந்தான். தனசீலன் மிதித்தவனைப் பார்த்து, “சாரி பாய்” என்றான்.

கடைசியில் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நஜிமுதீன் குரலைப் பதிந்து அனுப்பினான்: “நம்ம தனசீலன் ஆஃப் ஆயிட்டான். சண்டே கூட்டம் இருக்கு. அவனைப் பத்தி யாருக்காவது கதை தெரிஞ்சா சொல்லுங்கப்பா.”

பட்டறைக்காரனுக்கு மெஷினும் ஆஃப், ஷிப்டும் ஆஃப், வேலை முடிந்த ஆளும் ஆஃப். ஆனால் பம்பாயில் ஒருத்தன் ஆஃப் ஆகிவிட்டான் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அதிலும் இரங்கல் கூட்டத்துக்குக் கதை பொறுக்குகிறவன் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? விருந்து இரங்கல் கூட்டமாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மனசு விட்டே போய்விட்டது.

மறுநாள் காலையில் ரோஜா மாலையோடு செம்பூரில் அவன் வீட்டுக்குப் போனேன். கோவண்டியில் இருக்கும் எங்கள் வகுப்புக்காரர்கள் ஏற்கெனவே வாசலில் நின்றார்கள். கோபர்கைரனேயிலிருந்து வந்திருந்த வானமாமலை விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். கதவைத் திறந்தது தனசீலன், வாயில் பிரஷ்ஷோடு.

வேறு எவனாக இருந்தாலும் எங்களை விரட்டியிருப்பான். இவன் மாலைகளைப் பார்த்தான், விஷயத்தைப் புரிந்துகொண்டான், போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான்.

“அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கிய. உள்ள வாங்க. மேரி, எல்லாருக்கும் டீ போடு.”

அழுகையை நிறுத்த முடியாத வானமாமலையின் முதுகைத் தடவி, “மனசத் தேத்திக்கோல, எல்லாருக்கும் ஒருநாள் வாறதுதான்” என்று ஆறுதல் வேறு சொன்னான். வாங்கிவந்த மாலை வீணாகக் கூடாதென்று கழுத்தை நீட்டினான். போட்ட மாலையோடு பிணமே டீ தந்து உபசரித்த துட்டி வீடு அது ஒன்றுதான் இருக்கும்.

விஷயம் தெரிந்து நஜிமுதீன் மூச்சிரைக்க ஓடிவந்தான். உள்ளே நடப்பதைப் பார்த்ததும் குதித்தான். “லேய் தனா, கதை கெடச்சிட்டுல!”

தனசீலன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “இதச் சொல்லிறாத. அழுதவங்கள்லாம் சபையில வெக்கப்படுவாவ.”

“அப்ப நான் என்னத்தச் சொல்ல?”

“வேற எதையாவது சொல்லு.”

வேறு என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை நஜிமுதீன் மைக்கைப் பிடித்தபோது அவனுக்கு வேர்த்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். ஆயுசில் கிடைத்த ஆகச்சிறந்த கதை கையில், வாயிலோ பூட்டு. “நம்ம தனசீலன்...” என்று இழுத்தான். எங்களைப் பார்த்தான். தனசீலனைப் பார்த்தான்.

“நல்ல மனுசன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

முதலில் வானமாமலை களுக்கென்றான். அடுத்து நான். பிறகு மாலை வாங்கிப் போன அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபீஸ்காரர்கள் திருதிருவென்று விழித்து, என்ன என்ன என்று கேட்டார்கள். வானமாமலையால் அடக்க முடியவில்லை. “நான் சொல்லுதேன் சார்! இவன் செத்துட்டான்னு நெனச்சு...” என்று எழுந்து நின்றே ஆரம்பித்தான். ஒருத்தரும் வெட்கப்படவில்லை. விட்ட இடத்தை ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பிரியாணி வருமுன் கதை ஹால் முழுக்கச் சுற்றிவிட்டது.

தனசீலன் மேடையிலிருந்து இறங்கி வந்து நஜிமுதீன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ரெண்டையும் சொல்லாதன்னுதானல கேட்டுக்கிட்டேன். ரெண்டையும் சொல்லிட்டியேல!”