ஒரே காம்பராவில் இரண்டு ஜெபம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு மூத்திரம் அடைத்துப்போனது. என் ஆண்டவர் அதைத் திறந்தார்! இதைச் சொல்லத்தான் இன்று சபைக்கு முன்னால் நிற்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டிக்கொண்டு பகல் முழுவதும் சரிவில் நிற்க வேண்டும். நாற்பது வயதிலேயே எனக்கு இடது விரையில் நரம்பு சுருண்டு, முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிட்டது. சாயங்காலமானால் கனக்கும், படுத்தால் குறையும். கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினேன்.

அறுபதை நெருங்கியபோது மூத்திரமும் தொல்லை கொடுத்தது. அவசரமாக முட்டும், போய் நின்றால் வராது. சொட்டுச் சொட்டாக வந்து பாதியில் நின்றுவிடும். வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்துக்கே பொதுவான கக்கூசு, வெளியே ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். நரம்புதான் வழியை அடைக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். கச்சையை இன்னும் இறுக்கினேன். முட்டாமல் இருக்கட்டும் என்று தேத்தண்ணியையும் விட்டேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்காதவன் நான் ஒருத்தன்தான்!

மருந்துக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். எப்படிப் போவது? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போதுதான் கணக்கப்பிள்ளை, "என்ன வருத்தம்?" என்று கேட்பார். அத்தனை ஆண் பெண் முன்னால் சொன்னால்தான் மருந்துக்குத் துண்டு எழுதுவார். மூலம் என்று சொன்ன ஒருவருக்கு அன்றிலிருந்து மூலக்காரர் என்றே பேர். எனக்கு என்ன பேர் வைப்பார்கள்? நினைத்தாலே உடம்பு கூசியது.

ஆகவே தினமும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் இதைச் சரியாக்கும்." அதுதான் என் ஜெபம். எங்கள் வீடே ஒற்றை அறை, ஒரு காம்பரா; மனைவி ஞானம்மா அடுப்புப் பக்கம் முழங்காலில் இருப்பாள். அவள் என்ன கேட்கிறாள் என்று நான் விசாரித்ததில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆடி மாத மழை. ஒரு நாள் விடிந்தபோது மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. ஒரு சொட்டு இல்லை! அடிவயிறு புடைத்துக் கல்லாக இறுகியது. வலியில் கண் இருட்டியது. செத்துவிடுவேன் என்று பயந்தேன். அப்போதும் என்ன செய்தேன் தெரியுமா? கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போனேன்!

கணக்கப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "என்னய்யா, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்கையா. காய்ச்சல்."

பெண்கள் வரிசையில் நின்ற ஞானம்மா கொழுந்துக்கூடையைக் கீழே போட்டாள். ஆண்கள் வரிசைக்குப் பெண் வருவது எங்கள் பெரட்டில் வழக்கமே இல்லை. அவள் நேராக வந்தாள்.

"பொய்யிங்கையா! காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவருக்கு மூத்திரம் போகலீங்க! வயிறு வீங்கிக் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, இல்லாட்டி செத்துப்போயிருவாரு!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று நின்றேன். ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை! கணக்கப்பிள்ளை குடையைப் போட்டுவிட்டுத் தேயிலை ஸ்டோருக்கு ஓடினார். மற்ற நாளில் தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறி பெரட்டுக்கு முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிடும். அன்று எஞ்சின் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தது. என்னைத் தூக்கித் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் கிடத்தினார்கள். டிரைவர் மறுபடி முடுக்கினார், பிடித்துக்கொண்டது! தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். லொறியை நிறுத்தி வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரப்பர் குழாயை ஏற்றினார். அப்பா, அந்தச் சுகம்! "ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது.

டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார். "நரம்பு சுருண்டது வேற, மூத்திரம் அடைச்சது வேற. மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. வயசான ஆம்பளைங்களுக்கு அது பெருத்து வழியை அடைக்கும். கச்சையை இறுக்கி என்ன பிரயோசனம்? இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி கெட்டிருக்கும்."

பிறகு கண்டிக்கு அனுப்பி ஒப்பரேஷன் செய்தார்கள். உயிரோடு வீடு வந்தேன். நரம்பு இன்னும் சுருண்டுதான் இருக்கிறது, சாயங்காலம் கனக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்! கக்கூசுக் கதவை இப்போது யாரும் தட்டுவதில்லை. தேத்தண்ணியைக் கோப்பை கோப்பையாகக் குடிக்கிறேன். கணக்கப்பிள்ளையும் வருத்தக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் விசாரிக்கிறார்.

வீட்டுக்கு வந்த அன்று ஞானம்மாவைக் கேட்டேன். "ஏன்டி, அத்தன பேரு முன்னால என் மானத்த வாங்கின?"

"நான் என்னங்க பண்ண? 'ஏசப்பா, இந்த மனுசன் வாயத் தெறங்க'ன்னு தெனமும் கேட்டேன். ஒங்க வாயத் தெறக்க முடியாம என் வாயத் தெறந்துட்டாரு."

ஒரே காம்பராவில் இருந்துகொண்டு நான் மூடச்சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவள் திறக்கச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஆண்டவர் அவள் ஜெபத்தைக் கேட்டார். என் ஜெபத்தைக் கேட்டிருந்தால் இன்று என்னைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருக்கும். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது!

சகோதரர்களே, உங்களில் யாராவது கச்சையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவரை நம்பி வாயைத் திறங்கள். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், ஆஸ்பத்திரி வரை நானே துணைக்கு வருகிறேன். வர வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஞானம்மா பெண்கள் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரிகளிடம் அவள் ஏற்கெனவே பேசிவிட்டாள்.