இங்கரின் வண்டிக்கு மூன்று மேல்மெத்தைகள்

அந்த வெள்ளை ஓட்டோகேம்பர் மூன்றாவது தடவையாக எங்கள் வேலைத்தலத்து முற்றத்துக்குள் திரும்பியதைக் கண்டதும் தைத்துக்கொண்டிருந்த உறையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஓட்டோகேம்பர் என்றால் சமையலும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் வண்டி. கோடை வந்தால் டெனிஷ்காரர் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு அதில்தான் குடியிருப்பார்கள். ஓட்டி வந்தவர் பவுல். அவருடைய மனைவி இங்கர் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முதல் இரண்டு தடவையும் அந்தக் கட்டிலுக்கு மேல்மெத்தை தெரிவுசெய்து கொடுத்தவள் நான்தான்.

“வண்டியை ஒரு ஆள் கேட்டிருக்கிறார்,” என்றார் பவுல். “வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்ல வேணும். இவ இதில நித்திரை கொள்ள ஏலாட்டி வித்திடுவம்.”

“நான் விக்கச் சொல்லேல்ல,” என்றார் இங்கர், ஒருவரையும் பாராமல்.

இங்கருக்கு மூட்டுவாதம். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து போயிருக்கும். நோர்வேயின் வடகோடிக்குப் போய், நடுச்சாமத்திலும் மறையாத சூரியனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. வேறு இடத்துக் கட்டில்களில் ஏறி இறங்க அவரால் முடியாது. இந்தக் கட்டில் சரிவராவிட்டால் அந்தப் பயணமும் இல்லை, இனி எந்தப் பயணமும் இல்லை.

எங்கள் வேலைத்தலம் ஸ்கீவ நகரத்துக்கு வெளியே இருக்கிறது. காரின் பின்னால் இழுத்துப் போகும் கரவன், ஓட்டோகேம்பர் கட்டில்களுக்கு அளவெடுத்து மேல்மெத்தை செய்வோம். அடிமெத்தைக்கு மேல் விரிக்கும் அதை இங்கே டொப்மெட்ராஸ் என்பார்கள். அளவெடுப்பதும் உறை தைப்பதும் நான். ஃபோம் வெட்டுவது சிவா அண்ணை. முதலாளி ஹென்ரிக். டெனிஷ் மொழியில் முதலாளிக்கும் நீ, வாடிக்கையாளருக்கும் நீ. நம் காதுக்கு அது ஒத்துவராது என்பதால் அவர்கள் பேச்சை நம் வழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலாவது: கடையில் சொர்க்கம்

முதல் தடவை நான் கொடுத்தது ஏழு சென்டிமீற்றர் மெமொறி ஃபோம். உடம்பு சூட்டுக்கு இளகி, உடம்பின் வளைவைப் பிடித்துக்கொள்ளும் சாமான். கடையில் இங்கர் அதில் படுத்து, “சொர்க்கம்!” என்றார். எனக்கும் பெருமை. ஆனால் கடைக்குள் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதக் குளிரில், விடிகாலை வண்டிக்குள் அது பலகையாய் இறுகிவிட்டது. இங்கர் கிடந்த பள்ளம் அப்படியே நிற்க, அவரால் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. குளிரில் படுக்கிறவருக்குச் சூட்டில் வைத்துச் சாமான் காட்டினேன். பிழை என்னுடையது.

இரண்டாவது: தூக்க முடியாத பாரம்

அடுத்தது லேற்றெக்ஸ், ரப்பர் பாலில் செய்த ஃபோம். குளிரில் இறுகாது, திரும்பிப் படுக்கவும் சுகம். ஆனால் பிணப் பாரம். அந்த வண்டியில் கட்டிலின் பலகையைக் கிளப்பினால்தான் கீழே இருக்கும் பெட்டியில் சாமான் எடுக்கலாம். பவுல் ஒருதரம் கிளப்பிவிட்டு இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தாராம். அதையும் பொறுத்திருப்பார்கள். இங்கரின் நோவு குறையவில்லை என்பதுதான் பெரிய சங்கடம்.

“வலது இடுப்புக்குக் கீழ ஏதோ கிடக்குது,” என்றார் அவர், இப்போது முற்றத்தில் நின்று.

நான் வண்டிக்குள் ஏறி மெத்தையைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நோய் உடம்போடு இருக்கிற வருத்தக்காரிக்கு எங்கே படுத்தாலும் நோகும்தானே என்று மனதுக்குள் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். இப்போதும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

மூன்றாவது

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ஹென்ரிக் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீர் அந்தக் கட்டிலில ஒருக்காவாவது படுத்துப் பாத்தனீரோ?”

இல்லை. ஒன்பது வருடத்தில் எத்தனையோ கட்டில்களில் முழங்காலில் நின்று அளவெடுத்திருக்கிறேன். நீளம், அகலம், வெட்டுமூலை, மேலே அலுமாரிக்கு எத்தனை சென்டிமீற்றர் இடைவெளி, எல்லாம் அச்சொட்டாக இருக்கும். ஆனால் ஒன்றிலும் படுத்ததில்லை. கணவனும் மனைவியும் படுக்கிற கட்டிலில் மூன்றாம் ஆள் படுப்பதா? நம்மில் அதை நினைக்கவே கூசும். கடைக்கு வரும் டெனிஷ்காரர் சோடியாக ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். முதல் கோடையில் நான் மற்றப் பக்கம் திரும்பி நின்று, கோத்த ஊசியையே திரும்பக் கோத்துக்கொண்டிருந்தேன்.

இங்கர் வண்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, பக்கத்தில் பவுலின் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

“வாரும். படும்.”

சப்பாத்தைக் கழற்றினேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகள் இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பிரேதம் மாதிரிக் கிடந்தேன். வெளியே சிவா அண்ணை நிற்கிறார் என்ற நினைப்பே என்னைக் கூசவைக்கப் போதும்.

“எனக்கு ஒண்டும் தெரியேல்ல,” என்றேன், ஒரு நிமிடத்தில் எழும்பப் பார்த்துக்கொண்டு.

“பொறும். ஒரு நிமிசத்தில ஆருக்கும் தெரியாது. வலப்பக்கம் திரும்பிச் சும்மா கிடவும்.”

பத்து நிமிடம் கிடந்தோம். என் இடுப்பில், பின்பையில் வீட்டுத் திறப்புக் கோர்வையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டால் வருமே, அப்படி ஒரு சின்ன உளைவு. அவ்வளவுதான். இங்கர் என் சட்டைப்பையில் கிடந்த தையல் சோக்கட்டியைக் கேட்டு வாங்கினார். சரிந்த விரல்களுக்கு நடுவில் அதைச் செருகிக்கொண்டு, படுத்தபடியே, விரிப்பின் மேல் குறுக்காக ஒரு கோடு கீறினார்.

“இதிலதான்,” என்றார்.

கோட்டின் இரண்டு முனைக்கும் நேரே கட்டில் சட்டத்தில் அடையாளம் வைத்துவிட்டு, சிவா அண்ணையும் நானும் விரிப்பை எடுத்தோம், லேற்றெக்ஸை எடுத்தோம், பழைய அடிமெத்தையையும் எடுத்தோம். கீழே பிளைவூட் பலகை இரண்டு துண்டு. கிளப்பும் துண்டும் கிளப்பாத துண்டும் சேரும் இடத்தில், ஒன்றின் விளிம்பு ஈரத்தில் ஊதி மேலே நின்றது. அடையாளத்துக்கு அடையாளம் நூல் பிடித்தோம். நூல் அந்த விளிம்பின் மேலேயே கிடந்தது. ஒரு விரல்கூட விலகவில்லை. அண்ணை அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். எட்டு மில்லிமீற்றர் உயரம்.

அடிமெத்தையும் மேல்மெத்தையும் சேர்த்துப் பதினான்கு சென்டிமீற்றர். அதற்கும் அடியில் கிடந்த எட்டு மில்லிமீற்றரை, பேனா பிடிக்க முடியாத ஒரு மனுசி இடுப்பால் கண்டுபிடித்து, கோடும் கீறிக் காட்டியிருக்கிறார். அந்த உடம்பைத்தான் நான் வருத்தக்காரி உடம்பு என்று தள்ளி வைத்திருந்தேன்.

“அட கோதாரி!” என்றார் சிவா அண்ணை, அடிமட்டத்தைக் கையில் வைத்தபடி. “இந்த மனுசிக்கு உடம்பெல்லாம் கண்ணோ, தங்கச்சி?”

பிறகு எல்லாம் இங்கர் சொல்லச் சொல்லத்தான் நடந்தது. ஊதிய விளிம்பை அண்ணை சீவி மட்டப்படுத்தினார். உடம்பு விடும் ஈரம் பலகையில் தங்காதபடி, காற்றுப் போகும் வலைப்பாய் ஒன்றைப் பலகை மேல் விரித்தோம். இடுப்பிடத்தில் செத்துப்போன அடிமெத்தைக்குப் புதிய ஃபோம் வைத்தோம். மேலே கோல்ட்ஸ்கும், ஆறு சென்டிமீற்றர். அந்த ஃபோம் குளிரிலும் இறுகாது, பாரமும் இல்லை. மேசையில் விரித்த ஃபோமில் இங்கர் ஏறிப் படுத்து, தோளுக்கும் இடுப்புக்கும் தானே கோடு போட்டார். அந்தத் துண்டுகளை வெட்டியெடுத்து மெதுவான ஃபோமைப் பொருத்தினோம். மெத்தையை இரண்டாகப் பிரித்தேன், பலகையைக் கிளப்பப் ஒரு துண்டை மட்டும் மடித்தால் போதும் என்று. மூட்டு இடுப்பில் வராமல் முழங்காலுக்குக் கீழே வரும்படி தைத்தேன்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கர் வண்டிக்குள் போய்ப் படுத்தார். பவுல் வெளியே மடிப்புக் கதிரையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஐந்து நிமிடம் வேலை நின்றால் கத்துகிற ஹென்ரிக், தானே போய் இரைச்சல் போடும் கொம்பிரசரை நிறுத்தினார். சிவா அண்ணை ஃபோம் வெட்டும் வாளை நிறுத்தினார். நான் கையால் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி போனது. மூன்று மணி போனது. நாலு பேரும் வண்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு மணி தாண்டிக் கதவு திறந்தது. இங்கர் தலைமயிர் கலைந்தபடி படியில் நின்றார்.

“இடப்பக்கமாத்தான் படுத்தனான்,” என்றார் மெல்ல. “எழும்பேக்க வலப்பக்கமாக் கிடக்கிறன். எப்ப திரும்பினனான் எண்டு எனக்குத் தெரியாது.”

பவுல் கதிரையை விட்டு எழும்பினார். மூட்டுவாதம் வந்த பிறகு இங்கர் திரும்புவதென்றால் விழித்து, பவுலை எழுப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு இருவருமாகச் செய்கிற வேலை அது. அவர் கைபேசியில் வாங்க இருந்தவரை அழைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இல்லை, விக்கேல்ல,” என்றார். “வண்டிச் சொந்தக்காரி இப்பதான் நித்திரையால எழும்பினவ.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஃபோமின் பெயர்களை ஒரு மாதத்தில் பாடமாக்கிவிடலாம். நான் சொல்ல விரும்புவது வேறு. இப்போது அளவெடுக்கப் போனால் முதலில் பலகைக்கு மட்டம் வைத்துப் பார்க்கிறேன். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானும் படுக்கிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் படுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடக்கிறவரிடம் எங்கே நோகிறது என்று கேட்டு, சோக்கட்டியை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் கீறிய கோட்டில்தான் சிவா அண்ணை வெட்டத் தொடங்குவார்.