பனிமூட்டத்தில் கூப்பிட்ட பெயர்

தொட்டியின் அடியிலிருந்து மேலே வந்தபோது கேப்டன் மாஷானின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"வாளிய இழுடா. தூங்கிட்டியா?"

விடாக் இழுத்தான். சேறு, இலைகள், ஒரு செத்த பல்லி. அந்த மலையில் ஊற்று கிடையாது. மழைநீரைப் பிடித்துவைக்கும் கல்தொட்டிதான் ஒரு வீட்டின் உயிர். கோடை முடியும்போது கழுவிச் சுண்ணாம்பு பூச வேண்டும். பிராக் நகரில் நீர்ப் பொறியியல் படித்து வந்த மகன் மேலே நின்றான். அறுபதைத் தாண்டிய அப்பா கீழே. இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றதற்கு, "நீ படிச்சவன். வழுக்கி விழுந்தா நஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

"கீழ எப்படிப்பா இருக்கு?"

"பனிமூட்டம் மாதிரி. வெளிச்சம் இருக்கு. எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல."

பனிமூட்டம் என்று அவர் சொன்னால் அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

எதிர்ச் சரிவில் யாகோஷின் வீட்டுப் புகை அசையாமல் நின்றது. விடாக்குக்கு முதல் முடி வெட்டிய ஞானத்தந்தை யாகோஷ். அந்த உறவுக்கு அங்கே 'கூம்' என்று பெயர். ரத்த உறவைவிட ஒரு படி மேல். ஆனால் பல வருடத்துக்கு முந்தைய ஒரு கிறிஸ்துமஸ் சண்டையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்பா இருக்கும்போதே அந்தப் பேச்சு திரும்ப வேண்டும். விடாக்குக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மாஷான் அந்தச் சின்ன மலைநாட்டு மன்னரின் படையில் கேப்டனாக இருந்தவர். முதல் உலகப்போர் முடிந்தபோது மன்னர் வெளிநாட்டில் இருந்தார்; நாடு செர்பியாவோடு சேர்ந்து வரைபடத்திலிருந்து மறைந்தது. சேரட்டும் என்றார்கள் பாதிப் பேர். யாகோஷ் அந்தப் பக்கம். இப்படிக் கேட்காமல் சேர்க்கக்கூடாது என்றார்கள் மீதிப் பேர். மாஷான் அவர்களைத் திரட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் பனியில் தலைநகரான செட்டின்யேயை நோக்கி இறங்கினார்.

பாதி வழியில் பனிமூட்டம். எதிரே காலடிச் சத்தம். சொந்தக்காரன் மேல் குண்டு பட்டுவிடாமல் இருக்க முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மலையின் வழக்கம். மாஷான் கூப்பிட்டார்.

"யாகோஷ், அங்க இருக்கியா?"

"இருக்கேன் கூமே. பாத்து சுடு, புது செருப்பு போட்டிருக்கேன்."

"அப்ப இடப்பக்கம் தள்ளி நில்லு."

"இடப்பக்கம் பள்ளம். என்னைக் கொல்ல உனக்குக் குண்டு கூட வேண்டாம் போல."

இரண்டு பக்கத்தாரும் சிரித்தார்கள். யாரும் சுடவில்லை. பிறகு பனி விலகியது. சிரிப்பு வந்த திசையைக் கணக்கிட்டு, யாகோஷின் தளபதி பீரங்கியை மேட்டில் ஏற்றியிருந்தான். மாஷானின் ஆட்களில் பலர் அங்கேயே கிடந்தார்கள்.

"நான் கூப்பிட்டது தப்பு. அவன் பதில் சொன்னது அதைவிடத் தப்பு" என்று மாஷான் பின்னாளில் ஒரே ஒருமுறை சொன்னார்.

அந்தச் சண்டைக்குப்பின் சில வருடங்கள் குகைகளில் தலைமறைவாக இருந்தார். அப்போது சிறுவனாக இருந்த விடாக்கின் தூக்கத்துக்குள் புகை வாசனை ஒன்று வரும். சொரசொரப்பான கை நெற்றியைத் தொடும். விடிந்ததும் அம்மா, "கனவு கண்டிருப்ப" என்பாள். வாசலில் பனி, காலடித் தடம் தெரியாதபடி பெருக்கப்பட்டிருக்கும். பிறகு இத்தாலிக்குக் கப்பல். பிறகு மன்னிப்பு ஆணை. ஒற்றைப் பையோடு திரும்பி வந்தவர் தேனீ வளர்த்தார். அப்பா எது, கனவு எது என்று விடாக் அதற்குப் பிறகும் சரியாகப் பிரித்துக்கொள்ளவில்லை.

தொட்டி வேலைக்குச் சில நாள் முன்பு யாகோஷ் வீட்டுச் சுற்றுச்சுவர்வரை வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"பேரனுக்கு முதல் முடி வெட்டணும் கூமே. நீதான் வரணும்."

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"இருக்காங்க. எல்லாரும் எங்கிட்ட பேசறவங்க. அவங்கள வெச்சு நான் என்ன பண்றது?"

அப்படிக் கேட்டால் மறுக்கக்கூடாது. முடி வெட்டினால் பகை முடிந்தது, அதுதான் முறை. மாஷான் தேனீப் பெட்டியின் மூடியை இறக்கி வைத்தார்.

"தொட்டி வேலை முடியட்டும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

விடாக் வீட்டுக்குள் போய்த் தனியாக நின்றான். கத்தரிக்கோலைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தான்.

தொட்டி வேலை முடிந்தது. சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக ஏணியேறி வந்தார். "இனி மழை வரலாம்" என்றார். மறுநாள் காலை, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். விடாக் தலையசைத்தான். எந்திரம் நிற்பது அவனுக்குப் புரியும். இது புரியவில்லை.

அடக்கத்துக்கு யாகோஷ் வந்தார். மண் போட்டுவிட்டு விடாக்கின் பக்கத்தில் நின்றார்.

"அப்பாவுக்குப் பதிலா நான் வரட்டுமா?" என்று கேட்டான் விடாக்.

"உன் முடிய வெட்டினவனே நான்தானேப்பா. நீ ஏற்கெனவே என் பிள்ளை. எனக்கு அவன் வேணும்."

ஞாயிறு வந்தது. மாஷான் போகவில்லை. எதிர்ச் சரிவில் அந்தப் பேரனின் முடி இப்போது கண்ணை மறைக்கிறது. யாகோஷ் வேறு யாரையும் கூப்பிடவில்லை.